பதினொன்னுல ஒன்னு தானே?

ஒரு உயரமான கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமான்னு 11 நிலநடுக்கப் பதிவுகளை வெச்சு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன், பத்துல தேறுச்சு, ஒன்னுல தேறல. கோடுன்னு நாங்க சொல்றது கட்டட விதிகளோட தொகுப்பு. "ஒன்னு தானேம்மா, கோடு அதுக்கு இடம் குடுக்குதுல்ல, அப்போ பாஸ் தானே?"ன்னு சார் கேட்டாரு. "பாஸ் தான் சார்"னு சொன்னேன். மீட்டிங்ல நடந்தது அவ்வளவுதான். நான் சொன்னதுல பொய் எதுவும் இல்ல, யாரும் என்னை அப்படி சொல்லச் சொல்லி அழுத்தமும் குடுக்கல. ஆனாலும் அந்த பதிலை இன்னும் மனசுக்குள்ள போட்டு உருட்டிட்டே இருக்கேன், வேற மாதிரி சொல்லியிருக்கணுமா இல்ல அதுதான் சரியான்னு.

மிதமான நிலநடுக்கப் பகுதியில உயரமான கட்டடம் டிசைன் பண்றவங்க எல்லாரும் ஒரு விஷயம் சொல்வாங்க, "இங்க விண்டு தான் கவர்ன் பண்ணுது"ன்னு, அதாவது டிசைனைத் தீர்மானிக்கறது காத்துதான்னு. தப்பு இல்ல. 40, 50 மாடி போனா காத்துக்கு வர்ற பேஸ் ஷியர் (கட்டடத்தோட அடியில வர்ற மொத்தப் பக்கவாட்டு விசை) பெருசா இருக்கும், கோடு கேக்குற நிலநடுக்க விசை அதுக்குக் கீழயே நிக்கும். ஆனா அந்த நிலநடுக்க விசை ஏற்கனவே வகுத்த விசை. கான்கிரீட் விரிசல் விடும், கம்பி இழுபடும், அப்படியே கட்டடம் நெளிஞ்சு சமாளிச்சுக்கும்னு நம்பி 3 ஆலயோ 4 ஆலயோ 5 ஆலயோ வகுத்துட்டு வெச்ச எண். காத்துக்கு யாரும் வகுக்கறதில்ல. அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காத்து பெருசு, ஆளை விடுங்கன்னு சொல்றது எனக்கு எப்பவுமே உறுத்தும், ஏன்னா பலமா இருக்கறதும் நெளியத் தெரியறதும் வேற வேற. அதுமட்டும் இல்ல, காத்துக்குக் கணக்கு பாத்தா அடியிலதான் பெரிய மொமென்ட் (வளைக்கற விசை) வரும், நிலநடுக்கத்துல ரெண்டாவது மூணாவது மோடு (கட்டடம் நெளிஞ்சு ஆடுற விதம்) சேர்ந்துக்கிட்டா கோர் வாலோட (கட்டடத்தோட நடுவுல நிக்கிற கான்கிரீட் சுவரோட) நடு உயரத்துலயும் எகிறும், அங்கதான் நாம கம்பியைக் குறைச்சிருப்போம்.

இன்னொன்னு, 50 வருஷத்துல 10 சதவீதம் வாய்ப்புள்ள ஆட்டம், அதாவது சராசரியா 475 வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஆட்டம், அதுக்கும் 2,475 வருஷ ஆட்டத்துக்கும் உள்ள இடைவெளி. கலிஃபோர்னியா மாதிரி அடிக்கடி ஆடுற இடத்துல பெருசு சின்னதோட சுமார் ஒன்றரை மடங்குதான். அடிக்கடி ஆடாத இடத்துல அது 2 மடங்கு, 3 மடங்கு, சில இடத்துல அதுக்கும் மேல. அதாவது இங்க டிசைன் விசை சின்னது, ஆனா அபூர்வமா ஒன்னு வந்தா அது டிசைனை விட ரொம்பப் பெருசு. எங்க ஆராய்ச்சி முழுக்க இந்த இடைவெளியைச் சுத்தித்தான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கட்டடம் ஒரு கோர் வால் டவர், முதல் மோடு பீரியட் (ஒரு தடவை ஆடித் திரும்ப ஆகுற நேரம்) கிட்டத்தட்ட 5 செகண்ட், ரெண்டாவது ஒன்னேகால் செகண்ட் பக்கம். செஞ்சது நான்லீனியர் டைம் ஹிஸ்டரி, அதாவது ஒரு நிலநடுக்கப் பதிவை (ரெக்கார்டை) மாடலுக்குக் குடுத்து, விரிசலையும் நெளிவையும் சேத்து நொடி நொடியா கணக்கு பாக்கறது. மொத்தம் 11 ரெக்கார்டு. அமெரிக்காவோட ஏ.எஸ்.சி.இ 7 கோடு 2016 பதிப்புல சாதாரண வகைக் கட்டடத்துக்கு 11-ல ஒரு ரெக்கார்டு ஏத்துக்க முடியாத விடை குடுத்தாலும் பரவாயில்லன்னு இருக்கு, ஆஸ்பத்திரி மாதிரி கட்டடத்துக்கு அந்த சலுகை கிடையாது. எங்களுக்கு 10 ரெக்கார்டு நல்லா ஓடி முடிஞ்சுது, ஒன்னு முடியல. டிரிஃப்ட் (மாடிக்கு மாடி வர்ற பக்கவாட்டு நகர்வு) ஒரே பக்கமா ஏறிட்டே போய் கணக்கு கன்வெர்ஜ் ஆகாம, அதாவது ஒரு விடைக்கு வராம நின்னுடுச்சு.

"கணக்கு நின்னா கட்டடம் விழுந்துச்சுன்னு அர்த்தமாம்மா?"ன்னு சார் கேட்டாரு, நியாயமான கேள்வி. அது எண் கணிதப் பிரச்சனையாவும் இருக்கலாம். அதனால மீட்டிங்குக்கு முன்னாடியே டைம் ஸ்டெப்பைக் (கணக்கு நகர்ற நேரத் துண்டைக்) குறைச்சு ஓட்டிப் பாத்திருந்தேன், அதே இடத்துல அதே மாதிரிதான் நின்னுச்சு, நடு உயரத்துல சுவரோட ஒரு ஓரம் நசுங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம். டேம்பிங், அதாவது ஆட்டம் தானா அடங்குற அளவு, 2.5 சதவீதம் வெச்சிருந்தேன். பழக்கமான 5 சதவீதம் வெச்சா அந்த ரெக்கார்டும் ஓடி முடிஞ்சுடுது, 11-க்கு 11. ஆனா உயரமான கட்டடங்கள்ல அளந்து பாத்தப்போ பெரும்பாலும் 1, 2 சதவீதம் பக்கம்தான் வந்திருக்கு, அப்புறம் எப்படி 5 போடறது? நான் போடல. இதை நினைச்சா மனசு கொஞ்சம் ஆறுது, அந்த ரெக்கார்டை மாத்தவும் இல்ல, டேம்பிங்கை ஏத்தவும் இல்ல, நடந்ததை நடந்தபடி வெச்சேன்.

ஆனா பிரச்சனை அதுல இல்ல. அந்த 11 எப்படி வந்துச்சுங்கறதுலதான் இருக்கு.

மிதமான பகுதியில ஆபத்து ரெண்டு வகையா வரும். பக்கத்துல 5.5, 6 அளவுல ஒரு சின்ன நிலநடுக்கம், படபடன்னு சில செகண்டு ஆடும், ரெண்டாவது மூணாவது மோடை உலுக்கும். இல்லன்னா ரொம்ப தூரத்துல ஒரு பெரிய நிலநடுக்கம், மெதுவா நிமிஷக் கணக்குல ஆடும், முதல் மோடை இழுக்கும். எங்க கட்டடத்துக்கு ரெண்டுமே முக்கியம். ஹஸார்டுல (அந்த இடத்தோட நிலநடுக்க ஆபத்துக் கணக்குல) எந்த வகைக்கு எவ்வளவு பங்குன்னு பாத்து 8 பக்கத்து ரெக்கார்டு, 3 தூரத்து ரெக்கார்டுன்னு எடுத்தேன். நின்னு போனது அந்த 3-ல ஒன்னு.

அப்போ அது 11-ல ஒன்னா, 3-ல ஒன்னா?

பெரிய ஆட்டம் வந்தா இடிய 10 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்கக் கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு, 11-ல ஒன்னுக்கு இடம் குடுக்கறதுக்குப் பின்னாடி இருக்கறது அதுதான். ஆனா 11-ம் ஒரே சுபாவம்னா தான் அதுக்கு அர்த்தம். ரெண்டு வகையை ஒரே பையில போட்டா நல்லா ஓடுற 8 பேர் மறைவுல மத்த மூணும் ஒளிஞ்சுக்கும். இது மீட்டிங்ல உக்காந்திருந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் "பாஸ் தான் சார்"னு மட்டும் சொன்னேன். ஏன்னா 3-ல ஒன்னை வெச்சு 33 சதவீதம்னு சொல்ல முடியாது, அது புள்ளியியலே இல்ல. அந்த அறையில இருந்த முக்காவாசி பேர் எஞ்சினியர் இல்ல, "மூணுல ஒன்னு"ன்னு ஒரு வார்த்தை விட்டா அது வேற எங்கயோ போய் நிக்கும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கறேன். அடுத்த நிமிஷமே, தூரத்து ஆட்டம்னா என்னன்னு தெரிஞ்சும் நீ எப்படி சும்மா இருந்தேன்னும் தோணுது.

1985 செப்டம்பர்ல மெக்ஸிகோ சிட்டி நிலநடுக்கத்தோட மையம் 350 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி. பழைய ஏரிப் படுகையோட மென்மையான களிமண் 2 செகண்ட் கிட்ட ஆட்டத்தைப் பெருக்கிச்சு, அந்த பீரியடுக்குப் பக்கத்துல இருந்த நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகமா விழுந்துச்சு. 2001 புஜ் நிலநடுக்கத்துல 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த அகமதாபாத், அப்போ நம்ம கோடுல மூணாவது மண்டலம், அங்க கீழ்த்தளத்தை பார்க்கிங்குக்குத் திறந்து விட்ட அபார்ட்மென்ட்டுகள் இடிஞ்சுது. 2025 மார்ச் 28 மியான்மர்ல 7.7, சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி பாங்காக்ல மாடி உச்சியில இருந்த நீச்சல் குளத்துத் தண்ணி விளிம்பைத் தாண்டிக் கொட்டினதை எல்லாருமே வீடியோவுல பாத்தோம், கட்டிட்டு இருந்த 30 மாடிக்கு மேற்பட்ட கட்டடம் ஒன்னு அப்படியே உக்காந்துச்சு. அந்தக் கட்டடத்தை என் மாடலோட ஒப்பிட மாட்டேன், முடிக்காத கட்டடம், அதுக்கு வேற கோளாறுகளும் பேசப்பட்டுச்சு. ஆனா தூரம்ங்கறது உயரமான கட்டடத்துக்குப் பாதுகாப்பு இல்ல, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

சாரைக் குறை சொல்லவும் மனசு வரல. "நடு மாடியில ஓரத்துக்கு இன்னும் டைஸ் நெருக்கிப் போடச் சொன்னா போட்டுடலாம்மா, கான்கிரீட் உள்ள இறங்காம ஹனிகூம்ப் ஆச்சுன்னா என்ன பண்ணுவ?"ன்னு ஒரு தடவை கேட்டிருக்காரு. டைஸ்னா நெடுங்கம்பிகளைச் சுத்திக் கட்டுற வளையக் கம்பி, ஹனிகூம்ப்னா கான்கிரீட்ல விழுற ஓட்டை. சைட்ல நின்னவர் கேக்குற கேள்வி. என் மாடல்ல கான்கிரீட் எல்லா இடத்துலயும் முழுசா இறங்கித்தான் இருக்கும்.

மீட்டிங் முடிஞ்சதும் ரெண்டு வகையையும் தனித்தனியாப் பிரிச்சு ஒரு டேபிள் போட்டு, கீழ ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். "நல்லா இருக்கும்மா, அனெக்ஸர்ல போட்டுடுங்க"ன்னு பதில் வந்துச்சு. போட்டேன். ரிப்போர்ட் கடைசியில வர்ற அனெக்ஸர் வரைக்கும் யார் படிப்பாங்கன்னு கேக்காதீங்க, நானே மத்தவங்க ரிப்போர்ட்ல படிக்கறதில்ல.

அதுக்கப்புறம் நடந்ததுதான் என்னை ரொம்பக் குழப்புது. விண்டு டனல் (சின்ன மாதிரிக் கட்டடத்து மேல காத்தடிச்சுப் பாக்கற சோதனை) ரிசல்ட் வந்துச்சு, மேல் மாடியில குடியிருக்கறவங்களுக்கு அசைவு தெரியும்னு சொல்லி கோர் சுவரை நடு உயரம் வரைக்கும் தடிமனாக்கினாங்க. அழுத்தம் குறைஞ்சுது, அந்த ரெக்கார்டும் ஓடி முடிஞ்சுது, டிரிஃப்ட் இன்னும் அதிகம்தான் ஆனா கட்டடம் தாங்குது. "பாத்தியாம்மா, சரியாப் போச்சு"ன்னு சார் போன் பண்ணாரு, எனக்கும் நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. அப்போ விண்டு தான் கவர்ன் பண்ணுதுன்னு சொன்னவங்க சொன்னதுதான் சரியா? இந்தக் கட்டடத்துக்கு சரியாத்தான் போச்சு. அடுத்த கட்டடத்துக்கு டனல் ரிசல்ட் சாதகமா வந்தா சுவர் தடிக்காது, அப்போ அதே மாதிரி ஒரு ரெக்கார்டு நின்னா அதே சலுகையைத்தான் எடுப்போம்.

பழைய மாடலை எடுத்து இன்னும் சில தூரத்து ரெக்கார்டுகளை நானா ஓட்டிப் பாத்தேன். சிலது தாங்குது, சிலது விளிம்புல நிக்குது, ஒரு முடிவுக்கு வர்ற மாதிரி இல்ல. ரெண்டு வகைக்கும் தனித்தனியா 11, 11-ன்னு ஓட்ட அனுமதி கேட்டிருக்கேன். தூரத்து ரெக்கார்டு ஒவ்வொன்னும் நீளம், ராத்திரி முழுக்க ஓடும், அவ்வளவு நேரம் சிஸ்டம் குடுப்பாங்களான்னு தெரியல.