தோத்தவங்களுக்கு என்ன சார் அவசரம்?

"ஜெயிச்சவங்களே இன்னும் கொடுக்கலை. தோத்தவங்களுக்கு என்ன சார் அவசரம்?"

தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுக்கப் போன அன்று பேரூராட்சி அலுவலக எழுத்தர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். 2022 மார்ச் 14. அக்கா எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்று 43 ஓட்டில் தோற்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. ஆனால் நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று வருடத்துக்குத் தேர்தலில் நிற்க முடியாமல் தகுதி நீக்கம் செய்துவிடலாம் என்று வேட்புமனுவோடு கொடுத்த கையேட்டில் படித்திருந்தேன். பிப்ரவரி 22 வாக்கு எண்ணிக்கை என்றால் கெடு மார்ச் 24. அதைச் சொன்னேன். "படிவம் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்றார். வெளியே வந்தால் எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் அதே படிவம் கட்டாகக் கிடக்கிறது, பத்து ரூபாய். இரண்டாக வாங்கிக்கொண்டேன். முதல் நாள் அத்தோடு முடிந்தது.

வேட்புமனு தாக்கல் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. டெபாசிட் ஆயிரம் ரூபாய், முன்மொழிய அதே வார்டு வாக்காளர் ஒருவர், நோட்டரி கையெழுத்தோடு சொத்து, வழக்கு விவரம். ஒரே ஒரு அலைச்சல். வரி பாக்கி இல்லை என்ற சான்றுக்குப் போனால் வீட்டு வரி இன்னும் செத்துப்போன அப்பா பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கிற எண்ணம் இருப்பவர்கள் அதை மட்டும் முன்கூட்டியே சரி பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ஒரு நாளில் முடிகிற காரியம்.

பணத்துக்கு வருகிறேன். பேரூராட்சி வார்டு உறுப்பினருக்கு அந்தத் தேர்தலில் செலவு வரம்பு 17,000 ரூபாய். எங்கள் வார்டில் 640 ஓட்டு. கணக்குப் போட்டால் ஓட்டுக்கு இருபத்தாறு ரூபாய் ஐம்பத்தாறு காசு. இதை டீக்கடையில் சொன்னபோது, "அதுல பாதிய இப்பவே கொடுத்துட்டுப் போயிரு" என்றார் ஒருத்தர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையையும் நீட்டினார்.

சின்னம் ஒதுக்கியது பிப்ரவரி 7 சாயங்காலம். பிரச்சாரம் 17-ஆம் தேதி மாலையோடு முடிவு. கட்சிக்காரர்களுக்குச் சின்னம் பிறக்கும்போதே இருக்கிறது, நோட்டீஸை முன்னாலேயே அடித்து வைத்துவிடுவார்கள். சுயேச்சைக்கு அந்தப் பத்து நாள்தான். 7-ஆம் தேதி ராத்திரியே ஊரில் உள்ள சுயேச்சைகள் எல்லாம் இரண்டே அச்சகத்தின் வாசலில் நின்றோம். விலை ஏறத்தானே செய்யும்.

செலவு பண்ணுவதைவிட அதற்குப் பில் வாங்குவதுதான் பெரும்பாடு. பரோட்டாக் கடை அண்ணாச்சியிடம் பத்து நாள் கணக்குக்குப் பில் கேட்டேன்.

"எலெக்‌ஷனுக்கு எவம்டே பில்லு கேட்டான்? எத்தன தேர்தல் பாத்திருக்கேன், நீதான் மொத ஆளு."

"வேணும் அண்ணாச்சி. அக்கா பேரு போட்டுத் தேதியோட கொடுங்க."

பொட்டலம் கட்டுகிற தினசரித் தாளின் ஓரத்தைக் கிழித்து, "பரோட்டா, ஆம்லெட், டீ வகை 3,780 வரவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேதி இல்லை. சால்னாக் கறை இருந்தது. ஒன்பது வருடம் ஆலையில் லாரி வாடகைச் சீட்டிலிருந்து சாக்குக் கணக்கு வரை பார்த்தவன், அந்த மாதிரி ஒரு ரசீதைப் பார்த்ததில்லை. கடைசியில் 40 ரூபாய்க்கு வவுச்சர் புத்தகம் ஒன்று வாங்கி, நானே எழுதி, ஒவ்வொரு கடையாக நடந்து கையெழுத்து வாங்கினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தேர்தல் முடிந்தபிறகு போனால், அதிலும் தோற்றபிறகு போனால், ஆட்டோக்காரர்கூட நம்மைப் பார்த்ததும் வண்டிக்கு அடியில் குனிந்துகொள்கிறார்.

மொத்தம் 15,480 வந்தது. வரம்புக்குள்தான். அக்காவிடம் காட்டினேன். "ஆரத்தி?" என்றாள்.

ஆரத்தியைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையை எழுதக் கூடாது. தெருவுக்குள் நுழைகிறோம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலையில் சூடம், தட்டோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பாதிப் பேர் அக்காவோடு பள்ளிக்கூடம் படித்தவர்கள், அவளிடம் ஜாக்கெட் தைக்கிறவர்கள். சுற்றி முடித்துத் தட்டை நீட்டும்போது சும்மா கும்பிட்டுவிட்டு நகர முடியாது. முதல் தட்டில் அக்கா பத்து ரூபாய் போட்டாள். அந்த அத்தை நோட்டைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இரண்டாவது தட்டிலிருந்து ஐம்பது. அடுத்த தெருவுக்குப் போனபோது முதல் தெருவில் பார்த்த இரண்டு தட்டு அங்கேயும் நின்றது.

என் சட்டைப்பை நோட்டில் "ஆ" என்று போட்டுக் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டே வந்தேன். 77 கோடு. 3,810 ரூபாய். அதைச் சேர்த்தால் வரம்பு தாண்டும். அதைவிட, எழுதினால் வாக்காளருக்குப் பணம் கொடுத்தோம் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். அப்புறம் என்ன செய்தேன் என்கிறீர்களா? எழுதவில்லை. ஒழுங்காகக் கணக்குக் கொடுத்த ஒரே ஆள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் 77 கோடு குறைகிறது.

அடுத்து ஆதரவு. எங்கள் ஊரில் ஆதரவு கேட்டுப் போக மூன்று இடம்: கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டி, வியாபாரிகள் சங்கம், மகளிர் குழுத் தலைவிகள். குழு அக்காமார் நேராகப் பேசினார்கள். "வாறுகால அள்ளச் சொல்லு, அது போதும்" என்றார்கள் (வாறுகால் என்றால் சாக்கடை), ஓட்டும் போட்டார்கள் என்றே நினைக்கிறேன். கொடைக் கமிட்டியில் காபி கொடுத்து உட்காரவைத்து, பங்குனிக் கொடைக்கு வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் பேசியிருக்கிறது, 25,000 ஆகும், யாராவது ஏற்றுக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்கா தையல் மெஷினை விற்றால்தான் உண்டு. எழுந்து வந்துவிட்டோம். எதிர்த்து நின்ற அம்மாவின் வீட்டுக்காரர் அதைப் பொங்கலுக்கே கொடுத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

வியாபாரிகள் சங்கம் வேறு மாதிரி. காசு கேட்கவில்லை. செயலாளர் அக்காவைக் கூப்பிட்டு, "நம்ம பொண்ணு, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு முழுக்க அக்கா முகம். "எங்கள் ஆதரவு பெற்ற வேட்பாளர்" என்று 200 போஸ்டர். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. யார் காசு என்று கேட்டேன். "சங்கத்துப் பணம், நீ கவலைப்படாத" என்றார் செயலாளர்.

தோற்ற ஒரு வாரத்தில் அச்சகத்திலிருந்து ஆள் வந்தது, 4,200 ரூபாய்க்குப் பில்லோடு. பெயர் யாருடையது? அக்காவுடையது. சங்கத்துக்குப் போனேன். "ஜெயிச்சா பாத்துக்கிடலாம்னு நெனச்சோம் தம்பி" என்று செயலாளர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார். 15,480-ஓடு 4,200 சேர்ந்தால் 19,680. வரம்பை 2,680 தாண்டுகிறது.

இந்தப் பில்லோடுதான் இரண்டாவது தடவை அலுவலகம் போனேன். எழுத்தர் கூட்டுத் தொகையை மட்டும் பார்த்தார். "என்ன சார், வரம்பு தாண்டி எழுதிட்டு வந்திருக்கீங்க? எல்லாரும் பன்னெண்டு, பதிமூணுன்னு எழுதிக் கொடுக்காங்க. நீங்களும் மாத்தி எழுதிக் கொண்டாங்க." வவுச்சர் எதையும் அவர் புரட்டவே இல்லை. பரோட்டாக் கடைக்கு மூன்று தடவை நடந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அக்காவுக்கு நோட்டரி கையெழுத்துப் போட்ட வக்கீலிடம் போய் நின்றேன். அவர்தான் அன்று நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 171எச் பிரிவை எடுத்துக் காட்டினார். வேட்பாளரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் அவருக்காக யார் செலவு செய்தாலும் செய்தவர் மேல் குற்றம், 500 ரூபாய் வரை அபராதம். செலவு பத்து ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் பத்து நாளுக்குள் வேட்பாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாமாம். பத்து ரூபாய்! 1920-ல் சேர்த்த பிரிவு, அன்றைய பத்து ரூபாய் அப்படியே உட்கார்ந்திருந்தது. போஸ்டர் அவர்களாக அடித்தது, எங்களுக்குத் தெரியாது என்று சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார் வக்கீல்.

செயலாளர் கொடுப்பாரா? விஷயத்தைச் சொன்னதும், "நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி, எனக்கு சுகர்" என்றார். சுகருக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ராத்திரி படுத்திருக்கும்போது சட்டென்று ஒரு நினைப்பு. தேர்தல் போஸ்டர் என்றால் அடியில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுகிறவர் பெயரும் போட வேண்டும். காலையில் விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு மாதத்தில் எல்லாப் போஸ்டர் மேலும் வேறு போஸ்டர் ஏறிவிட்டது. கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, புதுப்படம். கட்டணக் கழிப்பறைக்குப் பின்சுவரில் மட்டும் ஒன்று தப்பியிருந்தது. ஆனால் அதன் அடிப்பாகம் கிழிந்திருந்தது. டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் சுவரில் அஞ்சலி போஸ்டரின் ஓரத்தைத் தண்ணீர் தெளித்து மெதுவாக உரித்தேன். அடியில் அக்காவின் தாடையும், அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரியும் தெரிந்தது. வெளியீடு என்று போட்டுச் சங்கத்தின் பெயர், அச்சகத்தின் பெயர். பசையோடு, செத்துப்போன பெரியவரின் நெற்றியோடு சேர்த்து உரித்து எடுத்துவந்து மொட்டைமாடியில் காயவைத்தேன்.

மார்ச் 22, மூன்றாவது தடவை. 15,480-க்கான கணக்கு, வவுச்சர்கள், போஸ்டருக்குத் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அக்கா எழுதிய கடிதம், கூடவே சுருட்டிய போஸ்டர். எழுத்தர் போஸ்டரை விரித்தார், காய்ந்த பசை மேஜையெல்லாம் உதிர்ந்தது. "இத வேற ஃபைல்ல வைக்கணுமா?" என்றார். உள்ளே இருந்த அலுவலர் மேடம் எட்டிப் பார்த்து அந்தச் சின்ன எழுத்தைப் படித்தார். சிரித்துவிட்டு, "வாங்கிக்கங்க" என்றார்.

எழுத்தர் கணக்கை வாங்கித் தட்டில் போட்டுவிட்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றார். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். நகல் ஒன்று வைத்திருந்தேன். அதில் தேதியும் முத்திரையும் போட்டால்தான் போவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முத்திரை உள்ள அலமாரியின் சாவி சாப்பிடப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரம். பக்கத்து வார்டில் நின்ற ஒருத்தர் கணக்கைக் கொடுத்துவிட்டு வாய் வார்த்தையை நம்பி வந்தவர். பின்னால் கணக்கு வரவில்லை, காரணம் சொல் என்று நோட்டீஸ் வந்து அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது அந்த ஒன்றரை மணி நேரம் பெரிதாகத் தெரியவில்லை.

அக்கா வாங்கியது 171 ஓட்டு. பதிவானதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் என்பதால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அதற்கு அசல் ரசீது வேண்டும் என்றார்கள். வீட்டைப் புரட்டிப் போட்டுக் கடைசியில் அத்தானின் பைக் இன்சூரன்ஸ் கவருக்குள் கிடைத்தது. அந்த ஆயிரத்துக்கு எத்தனை தடவை நடந்தோம் என்ற கணக்கை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை.

அச்சகத்துக்கு 4,200? சங்கம் இன்னும் கொடுக்கவில்லை என்று கேள்வி. அச்சக அண்ணாச்சி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மார்ச் 23 ராத்திரி, கெடுவுக்கு முந்தின நாள், வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஜெயித்த அம்மாவின் வீட்டுக்காரர். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

"தம்பி, நீதான் கணக்கு நல்லா எழுதுவியாமே. அலுவலகத்துல சொன்னாங்க. நமக்கும் ஒண்ணு எழுதிக் கொடு. பதினேழுக்குள்ள முடிச்சிரு."

"வில்லுப்பாட்டு இருபத்தஞ்சாயிரத்த எங்க அண்ணாச்சி எழுத?"

"அது பொங்கலுக்கே கொடுத்தாச்சுல்லா. மனுப் போட்ட தேதியில இருந்துதான கணக்கு?"

சட்டம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எழுத நேரமில்லை என்று சொல்லி, என்னிடம் மிச்சம் இருந்த இன்னொரு படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டேன்.