கத்திரி வெயிலில் பருப்பு வேகவைத்த கதை

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். செருப்பு போட மறந்துவிட்டேன். கதவிலிருந்து கொடி பத்தடிதான். போய்த் திரும்புவதற்குள் பாதம் கொப்பளிக்காத குறை. மதுரை வெயில் தரையையே இப்படிச் சுடவைத்தால் ஒரு டம்ளர் பருப்பு வேகாதா என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

வெயிலிலேயே சமைக்கிற பெட்டி செய்ய இரண்டு நாள் பிடித்தது. ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற இரண்டு அட்டைப்பெட்டிகள், நடுவே சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி. உள்பெட்டியின் பக்கங்களில் அலுமினியத் தாள், அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம். மேலே மூட, கடையில் அறுத்து வாங்கிய 4 மி.மீ. கண்ணாடி. ஒரு பக்கத்தில் பழைய பீரோவிலிருந்து கழற்றிய முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினேன். அது கூடுதல் வெயிலை உள்ளே தள்ளும். வெளிச்சம் கறுப்பில் பட்டுச் சூடாக மாறும். அந்தச் சூட்டை மேல் கண்ணாடி வெளியே விடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜெனீவாவைச் சேர்ந்த சொஸ்யூர் என்பவர் 1767-லேயே இப்படிப் பெட்டி செய்து பார்த்து, பிறகு அதைத் திருத்தித் திருத்தி 110 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றியிருக்கிறார். அவர் ஊர் வெயிலுக்கே அவ்வளவு என்றால் நமக்கென்ன என்ற தெம்பில்தான் இறங்கினேன்.

முதல் நாள் வெறும் பெட்டி. பெயின்ட் வாடை போகட்டும் என்று ஒரு தெர்மாமீட்டரை மட்டும் உள்ளே வைத்தேன். பதினொன்றரைக்கு 96 டிகிரி. சந்தோஷமாக இருக்கும்போதே ஒரு நாற்றம். இடைவெளியில் அடைத்திருந்தது ஃபிரிட்ஜ் வாங்கியபோது வந்த தெர்மோகோல். சூட்டில் சுருங்கி, கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை மாதிரி கிடந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேங்காய் நாரும் கசக்கிய செய்தித்தாளும் அடைத்தேன். கண்ணாடி உட்காரும் விளிம்பில் சூடு கசிந்தது. சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து ஒட்டியதும் அது நின்றது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு 121.

அடுத்தது பாத்திரம். எவர்சில்வர் உதவாது, பளபளப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மெல்லிசான, வெளியே கறுத்த பாத்திரம் வேண்டும். விறகடுப்பில் கரி ஏறிய வெந்நீர்க் குண்டான் ஒன்று பரணில் இருந்தது நினைவுக்கு வந்தது. தேடினால் காணோம்.

"அதையா? போன பொங்கலுக்குத்தானடா சாம்பல் போட்டுத் தேய்ச்சு வெள்ளியாட்டம் ஆக்கிக் கவுத்து வெச்சேன்" என்றார் அம்மா.

சரி என்று அலுமினியத் தூக்கு ஒன்றின் வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தேன். அலுமினியம் என்பதால் புளி சேர்ந்த எதையும் இதில் வைப்பதில்லை.

கத்திரி பிறந்த அன்று துவரம்பருப்பு. ஒன்பதரைக்கு வைத்தேன். பத்தே முக்காலுக்கு எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. அம்மா வேறு வந்து வந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு தடவை தூக்கினால் இருபது டிகிரி போச்சு. இன்னொரு தப்பு என்னுடையது. முகக்கண்ணாடி வடக்குப் பக்கம், பெட்டி தெற்கே பார்த்தபடி என்று எங்கோ படித்ததை அப்படியே செய்திருந்தேன். சந்தேகம் வந்து ஓரடிக் குச்சியை நிறுத்திப் பார்த்தேன். இங்கே உச்சிப்பொழுது சரியாகப் பன்னிரண்டுக்கு வராது, பன்னிரண்டே காலுக்குத்தான். அப்போது குச்சியின் நிழல் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தெற்கே விழுந்தது! சித்திரை பிறந்த சில நாளிலேயே சூரியன் மதுரைக்கு நேர் மேலே வந்து வடக்கே தாண்டிவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை.

பெட்டியைத் திருப்பி வைத்த பிறகு நிலைமை மாறியது. ஓரத்தில் ஓர் ஆணி அடித்துக்கொண்டேன். அதன் நிழல் நேராக முகக்கண்ணாடியை நோக்கி விழுந்தால் திசை சரி. காலையும் மாலையும் அரை மணிக்கு ஒருதரம் திருப்ப வேண்டும். ஆரோவில் சோலார் கிச்சனின் கூரையில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அந்தக் கிண்ணம் அசையாது. மேலே தொங்குகிற கொதிகலன் குழாய்தான் வெயிலின் குவியத்தைத் தேடி நகரும். என் வீட்டில் நகர்வது நான்தான்.

அன்றைக்குப் பருப்பு ஒன்றரை மணிக்கு வெந்தது. மசித்தால் வெண்ணெய். அடிப்பிடிக்கவில்லை, பொங்கி வழியவில்லை. ஆனால் தாளிப்புக்குக் கீழே அடுப்பைப் பற்றவைக்கத்தான் வேண்டியிருந்தது. கடுகு வெடிக்கிற சூடு இந்தப் பெட்டிக்கு வராது.

சோறு முதல் தடவை குழைந்து கூழானது. ஆவி வெளியே போகாததால் தண்ணீர் வற்றுவதே இல்லை. வழக்கமாக ஒரு டம்ளர் பொன்னிக்கு மூன்று வைக்கிற வீட்டில் இப்போது இரண்டே டம்ளர், ஒன்றேகால் மணி நேரம், உதிரி உதிரியாக. இருப்பதிலேயே அபாரம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தண்ணீரே விடாமல் மூடி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் தோல் சுருங்கி, அடியில் பாகு கசிந்து நிற்கும். அவித்த கிழங்கு இதன் பக்கத்தில் நிற்காது. முட்டையும் அப்படித்தான், தண்ணீர் வேண்டாம்.

இதில் எனக்குக் கஷ்டம் சூடு அல்ல, நேரம். மத்தியானம் என்ன சமையல் என்பதைக் காலை ஒன்பது மணிக்கே முடிவு செய்தாக வேண்டும். எட்டு மணி டிபனுக்கு இது ஆகாது. மேகம் போட்டால் அரைவேக்காட்டை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது, கெட்டுவிடும். ஒருநாள் கொண்டைக்கடலையைக் குக்கருக்கு மாற்றி மூன்று விசில் விட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்.

மே 19 சாயங்காலம் கோடை மழை. நான் கடைத்தெருவில் இருந்தேன். ஓடி வந்து பார்த்தபோது மேல் கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருந்தது. நூறு டிகிரியில் கிடந்த கண்ணாடியில் நாலு சொட்டு விழுந்தால் போதும் போல. இப்போது போட்டிருப்பது டஃபன்ட் கண்ணாடி, எளிதில் விரிசல் விடாதபடி பதப்படுத்தியது. விலை முன்னதைப் போல மூன்று மடங்கு.

நேற்று பத்து மணிக்கு அரிசியோடு மாடிக்குப் போனேன். பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது. அதில் நமத்துப்போன முறுக்கு, பக்கத்தில் ஒரு கிண்ணம் ரவை. பெட்டியும் ஆணி நிழல் பார்த்துச் சரியாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கீழே இறங்கி வந்து குக்கரில் சோறு வைத்தேன்.