துண்டறிக்கையின் கடைசி வரி

புதுச்சேரியில் ஒரு சிறிய அச்சகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி, ரசீதுப் புத்தகம் ஆகியவைதாம் எங்களுக்குச் சோறு போட்டவை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, போருக்கு எதிராகத் துண்டறிக்கை அச்சிட ஒரு சிறு குழுவினர் வருவார்கள். ஓர் அறிவியல் ஆசிரியர், ஒரு கல்லூரிப் பேராசிரியை, ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர் ஒருவர், அவ்வப்போது மாறிக்கொண்டேயிருக்கும் மாணவர்கள் என்று கூட்டிக் கழித்தால் பதினைந்து பேர் தேறுவார்கள். அந்த வேலையில் எங்களுக்கு லாபம் எதுவும் இருந்ததில்லை. வேறு வேலையில் மிஞ்சிய மஞ்சள் தாளில் அடித்துக் கொடுப்போம்.

நான் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு, 1987 ஜூலையில், இந்திய இராணுவம் இலங்கைக்குச் சென்றது. அப்படைக்கு அரசு வைத்த பெயர் 'இந்திய அமைதி காக்கும் படை'. அக்டோபரில் அந்தப் படையே யாழ்ப்பாணத்தில் சண்டையிடத் தொடங்கிவிட்ட பிறகு குழுவினர் கொண்டுவந்த துண்டறிக்கையில், அந்தப் பெயர் வந்த இடங்களிலெல்லாம் 'அமைதி' என்ற சொல்லுக்கு மட்டும் மேற்கோள் குறி போட்டிருந்தார்கள். அப்போது எங்களிடம் ஈய எழுத்துதான். மேற்கோள் குறிக்குக் காற்புள்ளியைத் தலைகீழாகத் திருப்பி வைப்பதே வழக்கம். ஒரே பக்கத்தில் அந்தச் சொல் ஒன்பது இடங்களில் வந்ததால் எழுத்துப் பெட்டியான கேஸில் காற்புள்ளி அறை காலியாகிவிட்டது. எங்கள் மூத்த கம்பாசிட்டர் எரிச்சலோடு, "இவங்க அமைதிக்கு மேற்கோள் போட்டே நம்ம கேஸைக் காலி பண்ணிடுவாங்க போல" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தக் குறிகளை எடுத்துவிடலாமா என்று ஆசிரியரிடம் கேட்கப் போனவன் நான்தான். "வேறு எதை வேண்டுமானாலும் எடுங்கள், அதை எடுத்துவிட்டால் அறிக்கையே இல்லை" என்றார். அந்தப் படை 1990 மார்ச்சில் திரும்பி வந்தபோது, ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் உயிரிழந்திருந்தார்கள். அங்கே மாண்ட தமிழ்க் குடிமக்களின் கணக்கு அந்த எண்ணுக்குள் அடங்காது.

மெய்ப்பு பார்ப்பவனுக்குச் சொல்லின் பொருளில் அக்கறை இருக்கக் கூடாது, எழுத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டது 1998இல். மே 11, 13 ஆகிய நாட்களில் பொக்ரானில் ஐந்து அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. மாத முடிவில் பாகிஸ்தானும் வெடித்தது. ஊரெங்கும் வாழ்த்துச் சுவரொட்டிகள். எங்கள் அச்சகமே மூன்று கட்சிக்காரர்களுக்கு அடித்துக் கொடுத்தது. ஆகஸ்டு 6, ஹிரோஷிமா நாளுக்காகக் குழுவினர் எழுதிக் கொண்டுவந்த துண்டறிக்கை வேறு மாதிரி இருந்தது. 1974இல் இதே பொக்ரானில் வெடித்ததை 'அமைதி நோக்கத்துக்கான அணுவெடிப்பு' என்று அரசு அழைத்ததையும், இப்போதைய வெடிப்பு புத்த பூர்ணிமை அன்று நிகழ்த்தப்பட்டதையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்துவிட்டு, அதற்குமேல் வசை எதுவுமில்லாமல், 1945ஆம் ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்ததைச் சொல்லி, பாகிஸ்தானில் இதையே தம் அரசை நோக்கிக் கேட்பவர்களுக்கும் வணக்கம் என்று முடித்திருந்தார்கள். அந்த வணக்கம்தான் எங்கள் முதலாளியைக் கலவரப்படுத்தியது.

அச்சடித்த எந்தத் தாளிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் தன்னை எதிர்ப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்கு வசதியாகப் போட்ட சட்டம், சுதந்திரத்துக்குப் பின்னும் எங்கள் தலையில் நெடுங்காலம் இருந்தது. முதலாளி என் மேசைக்கு வந்து, மெய்ப்பின் கடைசி வரியை, எங்கள் அச்சகத்தின் பெயர் இருந்த வரியை, விரலால் தொட்டுக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நான் சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். ஓரத்தில் நீக்கக் குறியும் போட்டேன். சட்டம் தெரிந்தே அடித்தேன். குழுவினரிடம் சொல்லவும் இல்லை.

இரண்டாயிரம் பிரதிகள் போயின. கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் அவற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆசிரியரைக் காவலர் ஒருவர் நிறுத்தி, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கே அடிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார். பெயரில்லாத தாள் என்பதாலேயே அது கள்ளத்தாள் ஆகிவிட்டது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டி அவரை நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. எழுதியவர்கள் எல்லாருடைய பெயரும் கீழே வரிசையாக இருக்க, ஒளிந்திருந்தது எங்கள் பெயர் மட்டும்தான். அதைக் காப்பாற்ற அவர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த வேலையோடு வந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் படியின் அடியில், சொந்தக் கையெழுத்தில், அச்சகத்தின் பெயரையும் தெருவையும் ஊரையும் தாமே எழுதியிருந்தார். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவதுபோன்ற உருண்டையான எழுத்து. "தம்பி, இந்த வரியையும் சேர்த்துப் பிழை பாருங்க" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

1999 கோடையில் கார்கில் சண்டை நடந்த நாட்களில் குழுவினர் வரவே இல்லை. வீரவணக்கச் சுவரொட்டிகள் மட்டும் இரவு பகலாக ஓடின. ஊடுருவலை எதிர்ப்பதா, போரை எதிர்ப்பதா என்று தங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டதாகப் பேராசிரியை பின்னால் சொன்னார். அரசின் போர்க் கொள்கையைக் கேள்வி கேட்பது போர் இல்லாத காலத்தில் சுலபம். சவப்பெட்டிகள் ஊருக்கு வந்துகொண்டிருக்கும்போது ஒரு வாக்கியம்கூட எழுத வராது. அவர்களுடைய அந்த மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கான தகுதியும் எனக்கில்லை.

2003 மார்ச்சில் ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்தபோது எங்களிடம் கணினி வந்துவிட்டிருந்தது. ஏப்ரலில் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகள் கண்டனம் என்றே சொல்ல வேண்டும் என்றன. அரசு அவ்வளவு தூரம் வரத் தயாராக இல்லை. கடைசியில் இந்தியில் 'நிந்தா' என்ற சொல்லில் இரு தரப்பும் உடன்பட்டன. ஆங்கிலத்தில் அதுவே வருந்தத்தக்கது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. தமிழில் எப்படி எழுதுவது என்று குழுவினர் என் மேசையைச் சுற்றி ஒரு மணி நேரம் வாதாடினார்கள். நமக்கோ நிந்தனை என்றால் வசை. கண்டனத்தைக் காட்டிலும் காரமானது. கடைசியில் ஆசிரியர், "இந்தியில் நிந்தித்தார்கள், ஆங்கிலத்தில் வருந்தினார்கள், தமிழில் நாம் கண்டிக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தார். நான் கை வைக்காமல் விட்ட வரிகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

அடுத்து, ஈராக்குக்கு இந்தியப் படையை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. அனுப்பக் கூடாது என்று ஜூன் மாதம் இன்னொரு துண்டறிக்கை. அது மேசையில் கிடந்தபோது, பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்க ஒரு சொல்தா வந்திருந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஐக்கிய நாடுகள் அவையில் பிரான்ஸ் இந்தப் போரை எதிர்த்ததில் அவருக்குப் பெருமை. ஆனால் துண்டறிக்கையைப் படித்து முடித்தபோது முகம் மாறியிருந்தது. "நான் அல்ஜீரியால இருந்தேன் தம்பி. எட்டு வருஷச் சண்டை. போர்னு யாரும் சொல்லலை. ஒழுங்கு காக்குற நடவடிக்கைன்னுதான் பேரு. அது முடிஞ்சது 62ல. போர்னு சட்டத்துல எழுதுனது 99ல" என்றார். பிரெஞ்சு நாடாளுமன்றம் 1999 அக்டோபரில் அப்படி ஒரு சட்டம் இயற்றியது உண்மைதான் என்று பேராசிரியையும் பிறகு சொன்னார். எனக்கு அந்தக் காலியான காற்புள்ளி அறை ஞாபகத்துக்கு வந்தது.

போகும்போது பெரியவர், தம் சகாக்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லிப் பத்துப் பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜூலை 14 அன்று, ஐ.நா. ஆணை இல்லாமல் படை அனுப்புவதில்லை என்று இந்திய அரசு அறிவித்தது. மஞ்சள் தாள்தான் காரணம் என்று எங்களில் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று பிரெஞ்சு தேசிய நாள். பெரியவர் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போயிருந்தாராம். மறுநாள் பத்திரிகைக் கட்டை வாங்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒன்பது துண்டறிக்கைகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"எல்லாரும் படிச்சாங்க தம்பி. படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நல்ல தாளு, வீணாக்கக் கூடாதுல்ல."

"பத்தாவது?"

"அது எங்கிட்ட இருக்கு" என்றார்.