எச்81 போர்டில் 34 இன்ச் அல்ட்ராவைடு: செய்து பார்த்தது

செட்: ஐ5-4460 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 4 ஜிபி டிடிஆர்3 ராம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). பாளையங்கோட்டையிலும் நெல்லை ஜங்ஷனிலும் பத்து வருஷம் முன்னால் ஆள் ஆளுக்கு அசெம்பிள் செய்து வாங்கிய அதே ரகம். மானிட்டர் 34 இன்ச் அல்ட்ராவைடு (அகலத் திரை), 3440×1440. "ப்ராசஸர் பழசு, இழுக்காது" என்பார்கள். அது தாராளமாக இழுக்கும். முட்டுவது பின்பக்கப் போர்ட்டில்.

இந்த ரெசல்யூஷன் 60 ஹெர்ட்ஸில் ஓட சுமார் 320 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (நொடிக்கு எத்தனை பிக்சல் அனுப்புகிறது என்ற வேகம்) வேண்டும். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 4600 கிராஃபிக்ஸ், எச்டிஎம்ஐ வழியாகத் தருவது 300 வரைதான். சிங்கிள் லிங்க் டிவிஐ 165-லேயே நின்றுவிடும். விஜிஏ பேச்சே வேண்டாம்.

முதலில் காசு செலவில்லாத வழி. இன்டெல் கிராஃபிக்ஸ் பேனலில் கஸ்டம் ரெசல்யூஷன் போய் 3440×1440, 50 ஹெர்ட்ஸ், டைமிங் சிவிடி-ஆர்பி (வரிகளுக்கிடையே வீணாகும் நேரத்தைக் குறைத்த முறை). கிளாக் 265 பக்கம் இறங்கிவிடும், எழுத்து பளிச்சென்று வரும். எக்செல், டைப்பிங் வேலைக்கு இது போதும்; ஸ்க்ரோல் செய்தால் மட்டும் லேசாகத் தட்டும். கூடவே அதே ஸ்பீடில் இன்னொரு 4 ஜிபி போட்டால் டூயல் சேனல், அதாவது இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடும்: ராம் பேண்ட்வித் நொடிக்கு 12.8-லிருந்து 25.6 ஜிபி. இந்தக் கிராஃபிக்ஸ் ராமைத்தான் தின்கிறது என்பதால் விண்டோவை இழுக்கும்போதே வித்தியாசம் தெரியும். 29 இன்ச், 2560×1080 வாங்குகிறவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம். 185 மெகாஹெர்ட்ஸ்தான், எச்டிஎம்ஐயில் சோலி முடிந்தது.

100 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கார்டு. ஜிடி 710, 730 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவையும் எச்டிஎம்ஐ 1.4, வாங்கினால் நின்ற இடத்திலேயே நிற்போம். ஜிடி 1030 சரி: எச்டிஎம்ஐ 2.0, 30 வாட், தனிப் பவர் கேபிள் வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டாம். அட்டைப் பெட்டியில் ஜிடிடிஆர்5 (கார்டின் மெமரி ரகம்) என்று இருக்கிறதா பார்க்கவும். டிடிஆர்4 ரகத்தில் மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குதான், பெயர் என்னவோ ஒன்றே. கார்டு ஏறியதும் கேபிளைக் கார்டில் செருகவும். போர்டின் எச்டிஎம்ஐ பெரும்பாலும் செத்துக் கிடக்கும்.

கேபிளில் இரண்டு வம்பு. ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ கேபிள் ஒருவழிப் பாதை. கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று திருப்பிப் போட்டால் படம் வராது. இன்னொன்று, மட்டமான டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 20-ஆம் பின்னையும் இணைத்திருப்பார்கள். மானிட்டரின் 3.3 வோல்ட் கார்டுக்குள் ஏறும். சிபியூவை அணைத்த பிறகும் போர்டில் எல்இடி மினுக்கும், சமயத்தில் பூட்டே ஆகாது.

டிஸ்ப்ளேபோர்ட்டில் பயாஸ் (ஆன் செய்ததும் வரும் முதல் திரை) தெரியாமல் விண்டோஸ் வந்தபின்தான் படம் வருகிறதா? மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் வெர்ஷனை 1.2-க்கு இறக்கிப் பார்க்கலாம். இதற்கென்றே என்விடியா 2018-இல் ஒரு ஃபர்ம்வேர் டூல் விட்டது.

நம்மூர்ப் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். டெஸ்டரைக் கேபினட் ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் எஸ்எம்பிஎஸ் லீக்கேஜ் இறங்க வழியில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எச்டிஎம்ஐயை ஆனில் செருகினால் போர்ட் போய்விடலாம். சிபியூ, மானிட்டர் இரண்டின் ப்ளக்கையும் பிடுங்கிவிட்டுக் கேபிளை மாட்டவும். கத்திரி வெயிலில் எர்த் குழி காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றவும்.

கடைசியாக டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு. புது கார்டிலும் விண்டோஸ் 60-லேயே உட்கார்ந்திருக்கும். 100-ஐ நாமாகத் தேர்வு செய்ய வேண்டும்.