யோகா டிப்ளமோ: பதஞ்சலியைத் திருமூலர் வழியாகப் படித்தேன்

42 வயதில் யோகா டிப்ளமோவில் சேர்ந்தேன். ஆசனங்கள் ஓரளவு வரும். மலைப்பாக இருந்தது தியரிதான். பதஞ்சலி யோக சூத்திரம் நான்கு பாதம் (பகுதி), 196 சூத்திரம் (சில பதிப்புகளில் 195), எல்லாம் சமஸ்கிருதம். காரைக்குடி பஸ்ஸில் போக வர முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன், இரண்டு நாளில் மறந்துவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து யோகத்தின் எட்டு அங்கங்களையும் வரிசை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா சாமி அறையிலிருந்து பத்தாம் திருமுறையை எடுத்து வந்து, "இதுல இருக்கே ஆத்தா, பாட்டாவே படிச்சுக்க" என்றார்கள். திருமூலரின் திருமந்திரம், மூன்றாம் தந்திரம். "இயம நியமமே எண்ணிலா ஆதனம்" என்று தொடங்கும் பாட்டில் நான்கே அடியில் எட்டும் முறையாக அடுக்கியிருக்கிறது. அன்று பாடமானது இன்றுவரை மறக்கவில்லை. தமிழ் வழியில் தேர்வு எழுதுபவர்கள் முதலில் இந்தத் தந்திரத்தைப் படித்துவிட்டுச் சூத்திரத்துக்குப் போங்கள்.

ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பதஞ்சலிக்கு இயமம் (பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கம்) ஐந்து, நியமம் (தன்னளவில் கடைப்பிடிக்கும் ஒழுக்கம்) ஐந்து. திருமூலருக்குப் பத்துப் பத்து. அவருடைய இயமத்தில் 'பகுத்துண்பான்' என்று ஒரு சொல் வருகிறது. பகிர்ந்து சாப்பிடுவதையும் யோகத்தின் முதல் படியிலேயே வைத்திருக்கிறார்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மற்ற யோக நூல்களில், ஹட யோகப் பிரதீபிகை ஆசனத்திலிருந்தே ஆரம்பிக்கும், கேரண்ட சம்ஹிதைக்கு அங்கம் ஏழு. ஒப்பிட்டு எழுதச் சொன்னால் இந்த வேறுபாடுகள் கைகொடுக்கும்.

அப்புறம் பிராணாயாமம். "ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால்" என்ற பாட்டின் கணக்கு, பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (உள்ளே அடக்குவது) 64, ரேசகம் (வெளியே விடுவது) 32. அதாவது 1:4:2. பாட்டு வாய்க்கு வந்துவிட்ட தைரியத்தில் மறுநாளே செய்து பார்த்தேன். நாற்பதைத் தாண்டுவதற்குள் நெஞ்சு படபடத்துக் கண் இருட்டி, வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியர் மூன்று மாதம் கும்பகமே வேண்டாம் என்றார். நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுவது மட்டும்தான். தேர்வுத்தாளில் கணக்கை எழுதுங்கள். மூச்சை அடக்கும் பயிற்சியைப் புத்தகம் பார்த்துச் செய்யவே செய்யாதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு விஷயம். எங்கள் வீட்டுத் தரையில் பதித்திருக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் வழுவழுவென்று இருக்கும், அதன்மேல் ஜமுக்காளம் விரித்தால் வழுக்கும். நின்று செய்யும் ஆசனங்களை வெறுங்காலோடு கல்லிலேயே செய்தேன். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் நாலு கல் தள்ளி ஒரு பூவின் நடுவில் பார்வையை நிறுத்தினால் உடம்பு ஆடாது.

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது பச்சிமோத்தானாசனம், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது. நெற்றி முழங்காலைத் தொட வேண்டுமே என்று கால் கட்டை விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். தேர்வாளர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆசனத்துக்குப் பதஞ்சலி என்ன இலக்கணம் சொல்றார்?"

"ஸ்திர சுகம் ஆசனம், மேடம். உறுதியாவும் சுகமாவும் இருக்கறதுதான் ஆசனம். இரண்டாம் பாதம், 46."

"சரி, ஸ்திரம் தெரியுது. சுகம் எங்கே?"

அடுத்த சூத்திரம் நினைவுக்கு வந்தது, பிரயத்தன சைதில்யம், முயற்சியைத் தளர்த்துவது. விரலை விட்டுக் கணுக்காலைப் பிடித்தேன். நெற்றி நாலு விரல் மேலே வந்தது. மூச்சு தானாக அடிவயிறு வரை இறங்கியது.

"இப்ப இருக்கு, மேடம்" என்றேன். மதிப்பெண் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.