18 வயதானால் பிள்ளை யாருக்கும் வேண்டாமா?

அமெரிக்காவில் பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளை அரசே பொறுப்பெடுத்து வளர்ப்புக் குடும்பங்களிலோ குழு இல்லங்களிலோ விடும் ஏற்பாட்டுக்குப் பெயர் ஃபாஸ்டர் கேர். நெடுங்காலம் பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடும். அப்புறம் அந்தப் பிள்ளை எங்கே தூங்குகிறது, சாப்பிட்டதா என்று கேட்க ஆளில்லை.

அதை விடாமல் கேட்டவர் சமூகப்பணி ஆய்வாளர் மார்க் கோர்ட்னி. எனக்கு இவர்மேல் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் பேராசிரியர் ஆவதற்கு முன்பே குழு இல்லங்களில் விடலைப் பிள்ளைகளோடு வேலை பார்த்தவர். 2002-ல் இவருடைய குழு இல்லினாய், விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில் 700-க்கும் அதிகமான 17, 18 வயதுப் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கியது. அதே பிள்ளைகளை 26 வயதுவரை திரும்பத் திரும்பத் தேடிப்போய்ப் பேசியது. இன்று ஒரு நண்பர் வீட்டு சோஃபா, அடுத்த மாதம் வேறு ஊர், போன் நம்பர் மாறிவிடும் என்று வாழ்கிறவர்கள் இவர்கள், ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 80 சதவீதம் பேரைப் பிடித்துவிட்டார்கள். சத்தியமாக எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இந்த ஆய்வின் உயிர் மாநில எல்லையில் இருந்தது. இல்லினாயில் மட்டும் 21 வயதுவரை பராமரிப்பில் இருக்கலாம், மற்ற இரண்டிலும் பெரும்பாலும் 18-லேயே வெளியே. ஒரே மாதிரியான பிள்ளைகள், வேறுவேறு சட்டம். இல்லினாய்ப் பிள்ளைகள் கல்லூரிப் பக்கம் கூடுதலாகப் போனார்கள். 2008-ல் 21 வயதுவரை வைத்துக்கொள்ளும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் தரும் என்று சட்டம் வந்தபோது, அந்த விவாதத்தில் இந்த எண்களுக்குப் பெரிய பங்கு இருந்தது.

ஆனால் தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை இவர். மூன்று மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால் 26 வயதுக்குள் 31 முதல் 46 சதவீதம் பேர்வரை ஒருமுறையேனும் வீடில்லாமல் தவித்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. கூடுதலாகத் தங்கவைப்பது அதைத் தள்ளிப்போடுகிறது, முழுக்கத் தடுக்கிறது என்று சொல்ல முடியாது என்பதையும் அவர் குழுவே எழுதியது. சரி, தள்ளிப்போடுவது சின்ன விஷயமா? 19 வயதில் தெருவில் நிற்பதும் 22 வயதில் நிற்பதும் ஒன்றல்ல என்பேன் நான்.

கலிஃபோர்னியா 2012-ல் வயது வரம்பை உயர்த்தத் தொடங்கியதும் அங்கேயும் 700-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள், அந்த ஆய்வுக்குக் கல்யூத் (CalYOUTH) என்று பெயர். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் என்ன பலன் என்றே கணக்குப் போட்டார்கள். வீடிழப்பு குறைந்தது, கல்லூரியில் சேர்வது கூடியது. சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி வெளியே வருகிறார்களா என்பதில்தான் இன்னும் இடிக்கிறது, அதற்கு வயது வரம்பை மட்டும் மாற்றினால் போதாது.