ஒரு ஓட்டு குறைந்தது

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். எனக்கு இரண்டாம் நிலை அலுவலர் வேலை. 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, சீட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் வந்தவர்களைவிட என் கையில்தான் மை அதிகம்.

ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு வாலிலிருந்து டோக்கன் கொடுத்து, அவர்களும் போட்டு முடித்த பிறகு க்ளோஸ் பட்டனை அழுத்தினோம். பதிவேட்டில் 812. ஓட்டு மெஷினின் கன்ட்ரோல் யூனிட்டில் 811.

எனக்கு வியர்த்துவிட்டது. காலையில் மாதிரி வாக்குப்பதிவில் போட்ட 50 ஓட்டை அழிக்க மறந்திருந்தால் மெஷினில்தான் கூடியிருக்கும், குறையாது என்றார் தலைமை அலுவலர். ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் அவர் குரலும் சரியில்லை. நாற்காலியை எங்கே போடுவது என்று காலையில் முறைத்துக்கொண்ட இரண்டு கட்சி ஏஜென்ட்டுகளும் இப்போது ஒரே பட்டியலின் மேல் குனிந்திருந்தார்கள்.

பக்கம் பக்கமாகப் புரட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. மத்தியானம், ஏஜென்ட்டுகள் மாற்றி மாற்றிச் சாப்பிடப் போன நேரம். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு தம்பி கையெழுத்துப் போட்டான், மை வைத்துக்கொண்டான், மெஷின் பக்கம் பார்த்துவிட்டு "வேண்டாம் மேடம்" என்றான். நோட்டா இருக்கிறதே தம்பி என்றேன். அதுவும் வேண்டாமாம். தலைமை அலுவலர் குறிப்பு எழுதி, அவனிடம் இன்னொரு கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டுப் போட மறுப்பவர்களுக்கான 49ஓ விதி. இரண்டு பேருமே அதோடு மறந்துவிட்டோம்.

2013க்கு முன்னால் யாருக்கும் ஓட்டுப் போடப் பிடிக்காதவர்களுக்கு இந்த ஒரு வழிதான். அதிகாரியிடம், ஏஜென்ட்டுகள் காதில் விழ, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரகசியம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் உச்ச நீதிமன்றம் அந்த வருடம் நோட்டா பட்டனை வைக்கச் சொன்னது. நோட்டா மெஷினில் ஓட்டாகப் பதிவாகும். இந்தத் தேர்தலில் இந்தூரில் மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 49ஓ மெஷினுக்கே தெரியாது. ஓட்டுக் கணக்கு எழுதும் 17சி படிவத்தில் அதற்கென்று தனி வரி உண்டு. அதில் 1 என்று எழுதியதும் கணக்கு நேரானது.

படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டே ஒரு ஏஜென்ட் மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தம்பி யார் வீட்டுப் பையன் டீச்சர்?"

பதிவேட்டை மூடி உறைக்குள் போட்டேன்.